வெளியே அனுப்பப்பட்டவர்

என் அக்காவின் மகள் பாலியல் கொடுமைக்கு ஆளானவள். அவளை, துறைமுகத்துக்கு அருகிலுள்ள சிறுவர் உளவளத்துணை நிலையத்துக்கு நான்தான் எங்கள் சல்லிக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போவேன். எட்டு வயது. மாதக்கணக்காக அவள் யாரோடும் பேசியிருக்கவில்லை.

அங்கிருந்த ஆலோசகர் பருமனான பெண்மணி. எதற்கும் பிள்ளையிடம் அனுமதி கேட்பது அவர் பழக்கம். "இந்தக் கதிரையில இருக்கட்டோ?", "ஜன்னலைத் திறக்கட்டோ?" என்று கேட்டு, அவள் தலையாட்டினால்தான் செய்வார்.

ஒருநாள் நான் விறாந்தையில் காத்திருந்தபோது, அவர் செருப்பைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து என் பக்கத்தில் அமர்ந்தார்.

"முடிஞ்சுதோ மிஸ்?"

"இல்லை. அவா கதவைக் காட்டினவா. நான் வந்திட்டன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "குறை நினையாதேங்கோ மிஸ். நான் கண்டிக்கிறன்."

"கண்டிக்க வேண்டாம். தான் வேண்டாமெண்டால் ஒரு பெரிய ஆள் எழும்பிப் போகுமெண்டு அவா இண்டைக்குத்தான் கண்டவா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "என்ர தேத்தண்ணிதான் உள்ளுக்க மாட்டுப்பட்டுப் போச்சு."

நெடுநேரம் அப்படியே இருந்தோம். கதவு சற்றுத் திறந்தது. ஒரு சின்னக் கை கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுக் கதவை மறுபடி சாத்தியது.

"நன்றி பிள்ளை. பிறகு உள்ளுக்க வரட்டோ?" என்று கேட்டார்.

உள்ளிருந்து குரல் வந்தது. "குடிச்சிட்டு வாங்கோ."

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவரோ கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்து, ஊதி ஊதிக் குடித்தார். அந்தத் தேநீர் எப்போதோ ஆறியிருக்கும். ஏன் ஊதினார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.