எல்லாரும் சேர்ந்து போகலாம்

எங்கள் வீட்டில் ஒரு நடிகர் மேல் எல்லோருக்கும் உயிர். அடிதடி நடிகர் இல்லை. அண்ணனாகவோ அப்பாவாகவோ வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே நம் வீட்டு ஆள்போலப் பேசுகிறவர். அவருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்த அன்று என் மாமியார் கோவிலுக்கு ஓடி அர்ச்சனை செய்தார். நடிகரின் நட்சத்திரம் தெரியாததால் தன் மகனுடைய நட்சத்திரத்தையே சொல்லிவிட்டு வந்தார். நடிகருக்குக் காய்ச்சல் இறங்கியது. என் கணவருக்கும் ஒரு குறையும் இல்லை.

இவ்வளவு பாசம் இருந்தும் அவர் படங்கள் ஏன் ஒரே வாரத்தில் சுருண்டுவிடுகின்றன என்பது எனக்கு நெடுநாள் புரியவில்லை. போன வருஷம் புரிந்தது.

அடிதடிப் படத்துக்கு ஓர் ஆள் போதும். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். குடும்பப் படத்துக்கோ குடும்பமே கிளம்ப வேண்டும் என்பது கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ் ஆட்களின் எழுதாத சட்டம். தனியாகப் போகிறவளைப் பார்த்து, வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்பார்கள். கொச்சங்காடியில் இருக்கும் நாத்தனாரை விட்டுவிட்டுப் போனால் அது அடுத்த கல்யாணம் வரைக்கும் பேச்சாகும்.

அவருடைய புதுப் படம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. இடப்பள்ளி மாலில் மட்டும், தினம் ஒரே ஒரு மாலைக் காட்சி. பல வருஷம் கழித்து அவர் நடித்த படம். அந்த முகத்தைப் பெரிய திரையில் பார்த்தே தீர வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. சனிக்கிழமை மாமியாருக்கு முட்டி வலி. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் விருந்தாளிகள். திங்கட்கிழமை மகனுக்கு டியூஷன்.

"எல்லாரும் சேர்ந்து போகலாம், என்ன அவசரம்?" என்றார் மாமியார்.

பிராட்வேயில் பாத்திரக் கடை வைத்திருக்கும் என் கணவர், "எப்படியும் டிவியில வருமே" என்றார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை கடைசிக் காட்சி. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒராள்க்கு வேண்டி ஷோ நடத்தான் பற்றில்ல சேச்சீ. அஞ்சு பேரெங்கிலும் வேணம்."

என் ஒருத்திக்காகப் படம் ஓட்ட முடியாதாம், ஐந்து பேராவது வேண்டுமாம். பக்கத்து அரங்கில் வெட்டுக்குத்துப் படத்துக்குக் கூட்டம் அலைமோதியது. எங்கள் வீட்டில் அர்ச்சனை வரைக்கும் செய்த ஒரு மனிதருக்கு ஐந்து பேர் தேறவில்லையே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாத்தனாருக்குப் போன் போட்டு, படத்துக்கு இப்போது கிளம்ப முடியுமா என்று கேட்டேன்.

"இப்பவா? ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து போகலாமே, அண்ணி!"

கடைசியில் கணவரைக் கூப்பிட்டேன். "நான் இடப்பள்ளியில இருக்கேன், அஞ்சு பேர் இருந்தாத்தான் படம் போடுவாங்களாம்" என்றேன். அவர், "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டுப் போனை வைத்துவிட்டார்.

படம் போட வேண்டிய நேரத்துக்கு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கொட்டுகிற மழையிலும் கடையைத் திறந்து வைக்கிற மனிதர், வியாபார நேரத்தில் ஷட்டரை இழுத்துவிட்டு, கடையில் வேலை பார்க்கும் மூன்று பேரையும் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருந்தார். மூன்று பேரும் சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். படத்துக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்லி ஏற்றியிருக்கிறார். வெட்டுக்குத்து நாயகனின் பேனரைப் பார்த்ததும் மூவரும் விசில் அடித்தார்கள். நான் எதிர்ப்பக்கக் கதவைக் காட்டியதும் முகங்கள் தொங்கிவிட்டன.

"அக்கா, இது வசூலே இல்லாத படமாம்லா?" என்றார் மீசை வைத்தவர்.

"இப்ப அஞ்சு டிக்கெட் வசூல் வந்திருக்கு. நடங்க" என்றேன்.

இடைவேளை வரைக்கும் மீசைக்காரர் கொட்டாவி விட்டார். அதற்குப் பிறகு திரையில் அந்த அப்பா மகளிடம் மன்னிப்புக் கேட்கும் இடத்தில், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். என் கணவருக்கு அன்று மட்டும் என்னவோ ஜலதோஷம். நான் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, சொர்க்கத்தில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இதைப் பற்றி நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.

ஓணத்துக்கு அந்தப் படம் டிவியில் வந்தது. நாத்தனார் குடும்பமும் வந்துவிட, கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஓணத்துக்கு வறுத்த நேந்திரங்காய் உப்பேரிக் கிண்ணம் என் மடியில் இருந்தது. விளம்பர இடைவேளையில் மாமியார் கண்ணைத் துடைத்தபடி பெருமூச்சு விட்டார்.

"எவ்வளவு நல்ல படம்! ஜனங்களுக்கு ரசனையே போயிடுச்சு. ஒருத்தராவது தியேட்டருக்குப் போனாங்களா?"

நான் மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த பதிலோடு வாயைத் திறந்தேன். அதற்குள், அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத என் கணவர் டிவியைப் பார்த்தபடியே சொன்னார்.

"நாங்க போனோம்மா. கடையை அடைச்சிட்டுப் போனோம்."

மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கள விட்டுட்டா?"

கிண்ணத்தில் மிச்சமிருந்த நேந்திரங்காய் உப்பேரி முழுவதையும் என் கணவர் கையில் கொட்டினேன்.