ஹெல்மெட் போட்ட குக்கர்

வதக்கிய வெங்காயத்தை மூன்றாகப் பங்கிடும்போது ஹைக்கலுக்கு நாக்கின் நுனி வெளியே வந்துவிடும். இருப்பது ஒரே வெங்காயம். தட்டில் மூன்று குவியலாக ஒதுக்கி, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். நடுக்குவியல் சற்று மேடாகத் தெரிந்தால் அதிலிருந்து இரண்டு துண்டு இடப்பக்கம் போகும். பருப்புக்கு ஒரு பங்கு, டின் மீனுக்கு ஒன்று, முட்டைக்கோசுக்கு ஒன்று. சாப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான், குழம்பு மூன்று.

சொந்த ஊரான நிபோங் திபாலில் அவனுடைய அத்தா நாகூர் மீரானுக்கு, சோற்றின்மேல் பல குழம்பு கலந்து ஊற்றித் தரும் நாசி கண்டார் கடை. பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து அங்கே குழம்பு ஊற்றுகிற வேலை ஹைக்கலுடையதாக இருந்தது. இந்தச் சட்டியில் ஒரு கரண்டி, அந்தச் சட்டியில் அரைக் கரண்டி என்று சோற்றின்மேல் கலந்து விடுவதில் அவன் கையை மிஞ்ச ஆளில்லை. சோறு குழம்பில் மிதக்க வேண்டும் என்பவர்கள் 'பாஞ்சிர்' என்பார்கள். வெள்ளம் என்று பொருள். ஹைக்கல் விடும் வெள்ளம் தட்டின் விளிம்பு வரை வந்து நின்றுகொள்ளும். ஊற்றத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு ஆக்கத் தெரியாது. ஒற்றைக் குழம்பில் சாப்பிடவும் வராது. "ஒரே கொழம்பா? அது ஆஸ்பத்திரி சாப்பாடுலா" என்பான்.

இப்போது ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அறை எடுத்திருக்கிறான். தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிற வேலை. அறையில் காஸ் அடுப்பு கூடாது என்பது வீட்டுக்காரம்மா ரோஹானாவின் சட்டம். ஆகவே எல்லாம் ஒரு ரைஸ் குக்கரில்தான். வெங்காயமும் கறித்தூளும் அதிலேயே வதங்கும். பொத்தான் பாதியில் மேலே தாவாதபடி கால் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருப்பான். பிறகு அதிலேயே அரிசியும் தண்ணீரும். நடுவில், கழுவித் துடைத்த மூன்று பால் டின்களில் மூன்று குழம்பையும் நிறுத்துவான். சோறு வேகிற ஆவியில் அவையும் வெந்துவிடும். டின்கள் முட்டுவதால் மூடி சரியாக உட்காராது. அதன்மேல் தன் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் பாரமாகக் கவிழ்ப்பான்.

இதனால் அவன் என்ன சாப்பிட்டான் என்பது ஊருக்கே தெரியும். தொழிற்சாலை வாசல் காவலாளி பிச்சைமுத்து தினமும் கேட்பார்:

"என்ன தம்பி, நேத்து முட்டகோசா?"

"எப்படிண்ணே தெரியும்?"

"நீ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே ஒன் ஹெல்மெட்டு சொல்லிருச்சேடா."

இந்த நிம்மதிக்கு ஆபத்து நிபோங் திபாலிலிருந்து வந்தது. கடையில் குழம்பு ஊற்ற வைத்திருந்த புது ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். அத்தா போன் போட்டார்.

"மூணு டின்ன வச்சு வெளாடிக்கிட்டு இருக்கியாமே. இங்க மூணு அண்டா இருக்கு, வாடா."

"அத்தா, எனக்கு இந்த வேல புடிச்சிருக்கு. மிஷின் 'கொழம்பு பத்தல'ன்னு சண்டைக்கு வராது."

"அங்க நீ பட்டினி கெடக்கல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கடைசியில் ஒரு சோதனை முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அக்கா ஹபீபா பீவி போய்ச் சாப்பிட்டுப் பார்ப்பாள். கடையில் தினமும் காலையில் எல்லாச் சட்டியிலும் உப்புப் பார்ப்பவள் அவள்தான். உப்புக் குறைந்தால் பேசமாட்டாள், இடது புருவம் மட்டும் ஏறும். "வாயில வைக்கிற மாதிரி இருந்தா விட்டுட்டு வா. இல்லேன்னா ஏப்ரன மாட்டி, கையோட கூட்டிட்டு வந்துரு" என்று அத்தா சொல்லி அனுப்பினார். அவனுடைய பழைய பச்சை ஏப்ரன் இஸ்திரி போடப்பட்டு அக்காவின் பையில் ஏறியது.

அன்று பாசாரில் சந்தைக் கடைகள் மூடுகிற நேரத்தில் கொஞ்சம் முற்றின வெண்டைக்காய் மலிவாகக் கிடைத்தது. அங்கேதான் ஹைக்கலின் புத்தி தடுமாறியது. அக்காவுக்கு வெறும் மூன்று குழம்பு வைத்தால் மரியாதையா? நான்காவது டின்னைத் திணித்தான். மூடி தூக்கிக்கொண்டது. ஹெல்மெட்டைக் கவிழ்த்து, அதன் வாரைக் குக்கரின் கைப்பிடியில் மாட்டி இறுக்கினான்.

ஹபீபா உள்ளே வந்தபோது ஹெல்மெட் கொதியில் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"டேய், என்னடா இது? சோத்துக்கு லைசென்சு எடுத்துக் குடுத்துட்டியா?"

"பாதுகாப்புக்கா."

அப்போது உள்ளே 'டொக்' என்றது. இன்னொரு 'டொக்'. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. ஹைக்கல் குக்கரின்முன் மண்டியிட்டான். பொத்தான் மேலே தாவியதும் வாரை அவிழ்த்து மூடியைத் திறந்தான். நான்கு டின்களும் நான்கு திசையில் படுத்திருந்தன. சோறு ஓரிடத்தில் மஞ்சள், ஓரிடத்தில் சிவப்பு. வெண்டைக்காய்கள் எங்கும் குடியேறியிருந்தன. அக்காவின் பையைப் பார்த்தான். ஓரத்தில் பச்சைத் துணி எட்டிப் பார்த்தது.

கரண்டியால் டின்களை ஒவ்வொன்றாக மீட்டு எடுத்தான். 

"அக்கா, இன்னிக்கு ஊத்துற வேலையே இல்ல. பானையிலயே பாஞ்சிர்."

"கவுந்துருச்சுன்னு சொல்லேன்டா."

"கவுந்துருச்சுக்கா."

"சரி, போடு."

முதல் வாய் போனது. ஹைக்கல் அவளுடைய இடது புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது இருந்த இடத்தில் இருந்தது. அவள் தட்டைக் காலி செய்தாள். மறுபடியும் தட்டை நீட்டினாள். அதற்குள் அத்தாவின் போன் வந்தது.

"என்னம்மா, பய கெளம்பிட்டானா?"

"அத்தா, சாப்பிடுறேன்லா. அப்புறமா பேசுங்க."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குக்கருக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் நான்கு குழம்பும் சேர்ந்து பிடித்த காந்தல் மட்டும் மிச்சம். பையைத் திறந்து பச்சை ஏப்ரனை வெளியே எடுத்தாள். ஹைக்கல் எழுந்து நின்றான். வழக்கில் தோற்றவனைப்போல, அதன் வாரை மாட்டிக்கொள்ளக் குனிந்து கழுத்தைக் காட்டினான்.

ஹபீபா ஏப்ரனை நான்காக மடித்தாள். அதை வைத்துச் சூடான பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்து வெளியே தூக்கி, மடியில் இடுக்கிக்கொண்டு, கரண்டியால் அடிக்காந்தலைச் சுரண்டத் தொடங்கினாள்.