மல்லிகைப்பூ சுத்தின சக்கர நாற்காலி

மூனு வருஷத்துக்கு முன்னாடி ஈப்போவுல என் மகளுக்குக் கல்யாணம் நடந்துச்சு. அன்னிக்கு மண்டப வாசல்ல, சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும் என் மனைவிகிட்ட தோத்துப்போனேன். அவ்வளவு சந்தோசமா நான் எதுலயும் தோத்ததில்ல.

நான் ஈப்போ பக்கத்துல கோப்பெங்ல பள்ளிக்கூட வேன் ஓட்டுறவன். கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி என் மனைவிக்கு ஒரு கண்ணு மங்கி, கால் மரத்துப்போக ஆரம்பிச்சுச்சு. ஆஸ்பத்திரியில மல்டிபல் ஸ்க்லெரோசிஸ்னு சொன்னாங்க. நரம்பைச் சுத்தி இருக்கிற உறை சேதமாகிற நோயாம். எனக்கு அந்தப் பேரே வாயில நுழையல.

இங்க கை கால் பிடிச்சுக்கிட்டா எல்லாரும் போற இடம் ஆயர் பானாஸ், அதாங்க, வெந்நீர் ஊத்து. நரம்புதானே, சூடு பட்டா சரியாயிடும்னு நானும் அவளைக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அரை மணி நேரம் தண்ணியில உக்காந்துட்டு எழுந்தவளுக்குக் கால் நிக்கல, கண்ணும் தெரியல. தூக்கிட்டுத்தான் வெளிய வந்தேன். உடம்பு ஆறினதும் அவ தேறிட்டா. எனக்குத்தான் பாதி உயிர் போயிடுச்சு.

அதுக்கப்புறம் அவளை நான் அசைய விடல. துணி காயப்போட விடல, அடுப்படிப் பக்கம் விடல. பொண்டாட்டிய எப்படித் தாங்குறான் பாருன்னு நாலு பேரு சொன்னதும் எனக்குத் தலைகால் புரியல. ஆனா அவ நாளுக்கு நாள் சோர்ந்தா. உக்காந்த இடத்துலேர்ந்து எழவே என் கை வேணும்னு ஆயிடுச்சு.

மகள் கல்யாணத்துக்கு எட்டு மாசம் இருந்துச்சு. வாசல்லேர்ந்து மணவறை வரைக்கும் தாம்பூலத் தட்டு ஏந்தி, மகளுக்குப் பக்கத்துல நடந்து போகணும், அவளுக்கு அது ஒன்னுதான் ஆசை. "அதெல்லாம் முடியாது லா, சக்கர நாற்காலி எடுத்துப் பூ சுத்திடுவோம்"னு சொல்லிட்டேன். அவ முகம் சுண்டிப்போச்சு.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, உடற்பயிற்சி சொல்லிக் குடுக்குற பிசியோ பொண்ணுகிட்ட அவளே நேரா கேட்டா, நான் நடக்கலாமான்னு. நான் குறுக்க பாய்ஞ்சு வெந்நீர் ஊத்துக் கதைய எடுத்து விட்டேன், அதனாலதான் அவளை அசைய விடுறதில்லன்னும் சொன்னேன்.

அந்தப் பொண்ணு பொறுமையா கேட்டுட்டு, "அங்கிள், அன்னிக்குக் கால் விட்டது சூட்டால, நடையால இல்ல. நோய் ஆன்ட்டி பலத்துல கொஞ்சம் எடுத்துச்சு. மீதிய நீங்கதான் எடுத்துட்டீங்க"ன்னு சொன்னா.

சுருக்குன்னு இருந்துச்சு.

வாரத்துல ரெண்டு நாள் அரை மணி நேர நடை, ரெண்டு நாள் கை காலுக்குப் பலம் கூட்டுற பயிற்சி, அதுதான் கடைசில எட்ட வேண்டிய அளவுன்னு அந்தப் பொண்ணு சொன்னா. முதல்ல அஞ்சே நிமிஷம் போதுமாம். வெயில் ஆகாதுங்கிறதால, பேரங்காடியில கூட்டம் இல்லாத காலை நேரத்துல ஏர்கோன் குளிர்ல நடந்தோம். நடக்கும்போது பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகமாம். அவ வழி பூரா என்னைத் திட்டிக்கிட்டே நடந்தா. வேகம் சரியா இருக்குன்னு நானும் வாய மூடிக்கிட்டேன். வீட்டுல நாற்காலியைப் பிடிக்காம உக்காந்து எழுந்திருப்பா. முடியாத நாள்ல படுத்துக்குவா, மறுநாள் மறுபடி தொடங்குவா. ஆறாவது மாசம் அரை மணி நேரம் நடந்தா.

அப்பவும் எனக்கு நம்பிக்கை வரல பாருங்க. கல்யாணத்தன்னிக்கு அவளுக்குத் தெரியாம, மல்லிகைப்பூ சுத்தின சக்கர நாற்காலியை மண்டப வாசல்ல கொண்டாந்து வச்சேன். அவ அதைப் பாத்தா, என்னையும் ஒரு பார்வை பாத்தா.

"என்னங்க, அந்தச் சீர்வரிசைப் பழக்கூடை ரொம்ப கனம். அதைத் தூக்கி இதுல வச்சுத் தள்ளிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டு, தட்டைக் கையில வாங்கிக்கிட்டா.

மேளம் முழங்க, முன்னாடி அவளும் மகளும் நடக்குறாங்க. பின்னாடி நான் அன்னாசிப்பழத்தையும் ஆரஞ்சையும் தள்ளிட்டுப் போறேன். மண்டபமே சிரிச்சுச்சு. மணவறைப் படி மூனையும் அவளே ஏறினா. எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கல.

அந்த நாற்காலி வீட்டுலதான் இருக்கு. தேவைப்படுற நாள் வந்தா அதுல உக்காருவா, அதுல ஒரு வெக்கமும் இல்ல. இப்பவும் அவ எழுந்திருக்கும்போது என் கை தானா நீளும். நீட்டின கையை நிறுத்தி, "வேணுமா?"ன்னு ஒரு வார்த்தை கேக்குறதைத்தான் அந்தக் கல்யாணத்துல நான் கத்துக்கிட்டேன்.