கழுவியும் போகாத மஞ்சள்

காலை ஏழே முக்கால். மகளுக்கு ஒரு பக்கச் சடையைப் பின்னி முடித்திருந்தாள் தங்கை. அப்போதுதான் போன் வந்தது. அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள் அண்ணி.

உடம்பில் தடிப்பு வந்தவர்களுக்கு எந்த வைரஸ் காரணம் என்று ரத்தத்தில் தேடும் ஆய்வகத்தில் அண்ணனுக்கு வேலை. தட்டம்மையா, ரூபெல்லாவா, வேறு ஏதாவதா என்று நாள் முழுக்க அதே பேச்சுதான். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு ‘அம்மையப்பன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இந்த மகள் மூன்று மாதக் கருவாக இருந்தபோது தங்கைக்கு உடம்பெல்லாம் சிவந்தது. கிளினிக்கில் ரத்தம் பார்த்து ரூபெல்லா என்றார்கள். குழந்தைக்குக் காது, கண், இதயம் எது வேண்டுமானாலும் பழுதாகலாம், கலைப்பதா என்று சீக்கிரம் முடிவெடுங்கள் என்றார் டாக்டர். மாமியார் ஆஸ்பத்திரிக்குப் பையே எடுத்துவைத்துவிட்டார்.

அண்ணன் மறுபடி ரத்தம் எடுத்தார்.

“அந்த டெஸ்ட் நம்ம சித்தப்பா மாதிரி. வேற வைரஸ் வந்து கேட்டாலும் சில நேரம் ஆமான்னு தலையாட்டிடும். நான் இன்னொண்ணு பண்றேன். புதுசா வந்த ஆன்டிபாடி கழுவினா போயிடும். பழசு உடும்பு மாதிரி பிடிச்சுக்கும். கழுவின பிறகும் தட்டுல மஞ்சள் நிறம் நின்னுச்சுன்னா பழசு.”

ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தங்கை வயிற்றில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். வேலை செய்யும்போது முணுமுணுவென்று பாடுகிறவர் அன்று வாயே திறக்கவில்லை. தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஒருவழியாக வெளியே வந்தார்.

“மஞ்சள் நிக்குது. ரெண்டு தடவை பாத்துட்டேன்.”

“அப்படின்னா?”

“அது சின்ன வயசுல போட்ட ரூபெல்லா ஊசியால வந்தது. இப்ப வந்தது வேற வைரஸ். அதையும் லேசா விட முடியாது, ஸ்கேன் பாத்துக்கிட்டே இருக்கணும். ஆனா அந்த கிளினிக் ரிசல்ட்டை நம்பிக் கலைக்காதே.”

கையுறையைக் கழற்றாமலே கண்ணைத் துடைக்கப் போனார். அவள்தான் கையைத் தட்டிவிட்டாள்.

இப்போது போனை வைத்தபோது அவளுக்குக் குரலே எழும்பவில்லை. “மாமா...” என்றது மூச்சாகத்தான் வந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மகள் அதற்கே சட்டென்று திரும்பினாள்.

அன்று மாலை அண்ணன் வீட்டிலிருந்து திரும்பும்போதும் மகளின் தலையில் ஒரு சடைதான் இருந்தது.