டானிக் மருந்தில் சேர்த்தியா?

“…அப்போ நாட்டு மருந்து, வேர், பொடி, எதுவும் குடுக்கல இல்லம்மா?” என்று டாக்டர் மூன்றாவது முறையாகக் கேட்டார். “சத்தியமா இல்ல டாக்டர்” என்றேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

போன வருடம் மழைக்காலத் தொடக்கத்தில், பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் நடந்தது இது. என் மகளுக்கு ஏழு வயது. வலிப்புக்காக இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள். அதுவரை வலிப்பு வராமல் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த மாதம் மட்டும் இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டாவது முறை பள்ளிக்கூடப் படியில். முகவாயில் நான்கு தையல்.

டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். முன்பு ஒருமுறை கூட்டியபோது அவள் நடையில் தள்ளாடினாள், வகுப்பில் தூங்கி விழுந்தாள். வேறு வழியில்லையே என்று தலையாட்டினேன்.

அப்போதுதான், குழந்தையை மடியில் வைத்திருந்த என் நாத்தனார், “அண்ணி, அந்த ஆரஞ்சு டானிக்?” என்றாள்.

“அடிப்போடி, அது சத்து டானிக். அதப் போய் மருந்துன்னு சொல்லுவாங்களா?”

“வாங்கிக் குடுத்தவ நான். சொல்லிடறேன்.”

‘ஃபிட்ஸ் மாத்திரை எலும்பைத் தின்னும்’ என்று தான் வேலை பார்க்கும் கார்மெண்ட்ஸில் யாரோ சொன்னதைக் கேட்டு, முந்தின மாதம் கால்சியம் டானிக் வாங்கி வந்தவள் அவள்தான். மாத்திரை கசக்கிறதென்று மகள் துப்புவாள். அதை நசுக்கி டானிக்கிலேயே கலக்கலாம் என்று கண்டுபிடித்தவள் நான். ஸ்பூனை நக்கி நக்கிச் சாப்பிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போன கதைதான்.

டானிக்கையும் கலக்கலையும் கேட்ட டாக்டர் திட்டவில்லை. “எலும்புக்குன்னு நெனச்சது தப்பில்லம்மா. ஆனா இந்த மாத்திரையோட கால்சியம் சேர்த்துக் குடுத்தா, மாத்திரை உடம்புல சரியா ஏறாது. நடுவுல சில மணி நேரம் விடணும். எது, எவ்வளவுன்னு கேட்டுட்டுக் குடுங்க” என்றார். நாத்தனார் அழுதுவிட்டாள். “பர்வாகில்லம்மா, நீங்க சொன்னதே பெரிசு” என்று டாக்டர் பாதிக் கன்னடத்தில் அவளைத் தேற்றினார்.

ரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு குறைவாகத்தான் இருந்தது. அதுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, இருக்கலாம் என்றார். மாத்திரை தனியாக, கால்சியம் அவர் சொன்ன அளவில் வேறு நேரத்தில் என்று மாற்றினோம். இதுவரை வலிப்பு வரவில்லை.

‘டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் மறைக்காதே’ என்பார்கள். மறைக்கிறோம் என்று தெரிந்தால்தானே மறைக்காமல் இருக்க முடியும்? பழி தன் தலையில் விழும் என்று தெரிந்தே ஒருத்தி வாய் திறந்தாள். அவள் சொல்லி முடித்ததும் டாக்டர் பேனாவை எடுத்து, எழுதிவைத்த புது அளவின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். என் மகளை அன்று காப்பாற்றியது எந்த மருந்தும் இல்லை, அந்தக் கோடுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.