திருச்செந்தூருக்கு ஒரு ரகசிய டூர்

அன்றைக்கு ஹைதராபாத் மல்லாபூரில் எங்கள் வீட்டுக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி செல்வி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் நித்யா, என்னோடு பிளாஸ்டிக் கம்பெனியில் மிஷின் ஓட்டும் சீனு. இப்படி எண்ணிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேசிய விஷயம் இந்த எட்டுக் காதுகளைத் தாண்டக் கூடாது என்று சன்னலைக்கூட நான் சாத்தி வைத்திருந்தேன். "ஹைதராபாத்துல பேசுறது திருச்செந்தூர்ல கேட்குமாக்கும்?" என்றாள் செல்வி. கல்யாணமாகிப் பதினைந்து வருசமாகியும் என் அக்காவைப் பற்றி அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். மூன்று நாள் டூர். கடல் பார்ப்பது, மீன் தின்பது, லாட்ஜில் தங்குவது. போகிற இடம் என் சொந்த ஊர். ஊரில் ஒருவருக்கும் தெரியக் கூடாது.

ஊரிலேயே இருப்பவர்களுக்கு இது திமிராகத் தெரியும். பிழைப்புக்கு வெளியே வந்தவர்களுக்குப் புரியும். வருசத்துக்கு ஒரு தடவை போகிறோம். போனால் எல்லாச் சொந்தக்காரர் வீட்டிலும் தலையைக் காட்டியாக வேண்டும். ஒரு வீட்டில் காப்பி குடித்துவிட்டு அடுத்த வீட்டை விட்டுவிட்டால், அந்த வீட்டுக்காரர்கள் அப்புறம் நம் வாசலுக்கு வருவது சாவுக்கு மட்டும்தான். எங்கள் கணக்கு பதினேழு வீடு. பதினேழு வீட்டிலும் நித்யாவிடம் ஒரே கேள்வி: "என்ன மக்கா, தமிழ் மறந்துட்டா?" பதினேழு டம்ளர் காப்பி குடித்துவிட்டு ரயிலேறியதும் வாந்தி எடுப்பாள். கடல் நடந்துபோகிற தூரம்தான். பதிமூன்று வயதாகியும் அதில் அவள் கால் நனைந்ததில்லை. உங்கள் ஊரைப் பற்றி எழுது என்று பள்ளியில் சொன்னதற்கு, 'எங்கள் ஊரில் கடல் இருக்கிறது, சத்தம் வரும்' என்று எழுதியிருக்கிறாள்.

"நாக்கு சமுத்ரம் காவாலி, டாடி," என்றாள் ஒருநாள். எனக்குக் கடல் வேண்டும். கடையில் பென்சில் பாக்ஸ் கேட்பதுபோலத் தெலுங்கில் கேட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அலை இழுத்துவிடுமோ, மீன் முள் தொண்டையில் குத்திவிடுமோ, லாட்ஜ் கட்டிலில் மூட்டைப்பூச்சி இருக்குமோ என்கிற பயங்களையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன். முதல் பயம் அக்கா.

சீனு கரீம்நகர்க்காரன். கடலே பார்த்ததில்லை. அவனும் வருகிறேன் என்றான். "மீ ஊரே கதா அன்னா, பிளான் மீரே வெய்யண்டி." உங்கள் ஊர்தானே, நீங்களே திட்டம் போடுங்கள்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். நித்யாவின் ரஃப் நோட்டை வாங்கி எழுத உட்கார்ந்தேன். மணப்பாடு கடற்கரை என்று எழுதினேன். அந்த வழி பஸ்ஸில் சித்தப்பா மகன் கண்டக்டர். அடித்தேன். மக்ரூன் தின்னத் தூத்துக்குடி. கடைக்கு எதிர் மாடியில் பெரியம்மா எந்நேரமும் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். அடித்தேன். மஸ்கோத் அல்வாவுக்கு முதலூர். அங்கே யாருமில்லை என்று நான் மூச்சு விடும்போது, "எங்க அத்தை மகளை அங்கதான கட்டிக் கொடுத்திருக்கு," என்றாள் செல்வி. நோட்டில் மிஞ்சியது எங்கள் ஊர்க் கடல் ஒன்றுதான். அதிலும் மாமா ஒருவர் படகு விடுகிறார். விடியுமுன்னே போய்விடுவார் என்பதால் அதை மட்டும் அடிக்கவில்லை.

"அக்கட தமிழ் நக்கோ அன்னா, ஒன்லி தெலுகு!" என்றான் சீனு. ஊரில் தமிழே பேசாவிட்டால் யாருக்கு அடையாளம் தெரியும்? நல்ல யோசனைதான். ஆனால் செல்வியின் தெலுங்கு காய்கறிக் கடையோடு நின்றுவிட்டது. கடற்கரையில் யார் எதைக் கேட்டாலும் தக்காளி கிலோ என்ன விலை என்றுதான் அவளால் பதில் சொல்ல முடியும்.

லாட்ஜுக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரில். மேனேஜர் எடுத்தார். தெலுங்கையும் ஹிந்தியையும் கலந்து, ரூம் வேண்டும், இரண்டு நாள், ஹைதராபாத் என்றேன். அவர் போனைப் பொத்தாமலே பக்கத்தில் யாரிடமோ சொன்னார்: "ஐதராபாத் பார்ட்டி. என்னத்தயோ உளறுதான். ரெண்டு நாளைக்கு மூவாயிரத்து அறுநூறு சொல்லட்டா?"

"அண்ணாச்சி, அநியாயம்லா இது! ரெண்டு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறுதான வாங்குவிய?" என்று கத்திவிட்டேன்.

சீனு தலையில் அடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் சிரிப்பு.

"நீங்க எந்தத் தெரு? யாரு மவன்?"

போலீஸ் கேட்டிருந்தால்கூடத் தாக்குப்பிடித்திருப்பேன். இந்தக் கேள்விக்கு எங்கள் ஊர்க்காரன் வாய் தானாகத் திறந்துவிடும். தெரு, அப்பா பெயர், அக்காவைக் கொடுத்த வீடு எல்லாம் ஒப்பித்த பிறகுதான் வாயைப் பொத்தினேன்.

"அட, முருகேசன் மச்சினனா! உமக்கு ரூம் கிடையாது தம்பி."

முருகேசன் என் அக்காவின் கணவர். "ஏன் அண்ணாச்சி?" என்றேன்.

"அக்கா வீடு இருக்கையில லாட்ஜுல தங்க வச்சேன்னு தெரிஞ்சா, உங்க அக்கா எங்க வாசல்ல வந்து மண்ணள்ளித் தூத்துவா. முருகேசன் வேற தெனமும் சாயங்காலம் இங்க வந்து ரெஜிஸ்டரப் படிச்சிட்டுத்தான் போவான், பேப்பர் படிக்க மாதிரி."

நித்யா போனைப் பிடுங்கினாள். வீட்டில் நாங்கள் கெஞ்சினாலும் தமிழ் பேசாதவள். "மாமா, செவன்டீன் வீடு. செவன்டீன் காப்பி. கடல் ஒரு வாட்டிகூட இல்ல."

மேனேஜர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பிள்ளை இன்னும் கால் நனைக்கலையா?"

"இல்ல அண்ணாச்சி," என்றேன்.

"கூட யாரும் வாராவளா?"

"தெலுங்குக்காரத் தம்பி ஒருத்தன்."

"அப்ப ஒண்ணு செய்வோம். ஊர்க்காரன்னா ரூம் கிடையாது. ஐதராபாத் பார்ட்டின்னா உண்டு. அந்தத் தம்பி பேர்ல எழுதிக்கிடுதேன். ஆனா ரேட்டும் ஐதராபாத் பார்ட்டி ரேட்டுதான். கொறச்சு எழுதுனா, வெளியூர்க்காரனுக்கு எதுக்குக் கொறச்சேன்னு முருகேசன் குடைவான். அவன் வார நேரம் ரூமுக்குள்ளயே கெடங்க."

அக்காவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று சாத்தியிருந்த சன்னலை மறுபடி பார்த்துக்கொண்டேன். நித்யா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதுங்க அண்ணாச்சி," என்றேன்.

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். பெயர், சீனிவாஸ். ஊர், ஹைதராபாத். உடன் வருபவர்கள் மூன்று பேர், அதே ஊர். வந்த காரணம், திருச்செந்தூரைச் சுற்றிப் பார்க்க. அட்வான்ஸ் ஐநூறை நான் அப்போதே அனுப்பிவிட்டேன். பாக்கி மூவாயிரத்து நூறு ரூபாய்.