பொட்டு வைப்பதற்குள்

ஆனேக்கலில் இன்று ஆயுத பூஜை. ஓசூர் பஸ் வர நேரமிருக்கிறது. நிற்கப் பொறுக்காமல், சாலையோரத் துப்பாக்கி விளையாட்டு மைதானத்துக்குள் நுழைகிறேன். மேசையில் பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கிகள் வரிசையாகக் கிடக்கின்றன. வேலைக்கு நிற்கும் பெண் ஒவ்வொன்றாகத் துடைத்துக் குங்குமம் வைத்துக்கொண்டே வருகிறாள்.

"பொட்டு வெச்சதை நாளைக்குப் பூஜை முடிச்சுத்தான் தொடணும் சார். வெக்காததுல ஒண்ணு எடுத்துச் சுடுங்க. சீக்கிரம்."

மிச்சம் இருப்பவை இரண்டே. குட்டையான சப்மெஷின் கன் மாதிரி ஒன்று. கையில் எடுத்தாலே கெத்தாக இருக்கிறது. ஆனால் தோளில் முட்டுக்கொடுக்கக் கட்டை இல்லை, குறி ஆடுகிறது. இன்னொன்று கட்டை வைத்த கார்பைன் துப்பாக்கி; அசையாமல் நிற்கிறது, பார்க்கத்தான் மொக்கையாக இருக்கிறது. இதை வைக்கிறேன், அதை எடுக்கிறேன், மறுபடி இதை. செருப்பு வாங்கப் போனாலும் எனக்கு இதே கதைதான்.

"போட்டோவுக்கா சார், சுடறதுக்கா? போட்டோவுக்குன்னா சின்னது. சுடறதுக்குன்னா கட்டை வெச்சது."

சுருக்கென்கிறது. குட்டையானதைக் கையில் வைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் யோசித்து, "சரிங்க, கட்டை வெச்சதே குடுங்க" என்கிறேன்.

"இப்பத்தானே சார் பொட்டு வெச்சேன்!"

"அப்ப இதுலயே சுடறேன்."

உள்ளே மணி அடிக்கிறது. "ஓனர் கற்பூரம் ஏத்திட்டாரு. அதையும் நீட்டுங்க சார்."

இரண்டு கையாலும் பிடித்து நீட்டுகிறேன். அவள் குங்குமம் வைக்கிறாள். இப்போது மட்டும் அது துளிகூட ஆடவில்லை.